மின் கிட்டார்: தொனி, இசை வகை, மதிப்பு

மின் கிட்டார் என்பது உலோகக் கம்பிகளின் அதிர்வைக் காந்தச் சுருள் வழியே மின்சைகையாக மாற்றி, ஆம்ப்ளிஃபயர் மூலம் ஒலிக்கச் செய்யும் தந்தி இசைக்கருவி. இது 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. ஜாஸ், ப்ளூஸ், கன்ட்ரி, ராக், ஹெவி மெட்டல் ஆகிய இசை வகைகளின் வளர்ச்சியில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஜாஸுக்கு ஒரு கிட்டார், கன்ட்ரிக்கு ஒன்று, மெட்டலுக்கு வேறொன்று என்று கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. முதல் கிட்டார் வாங்கும் மாணவர்கள் இந்தப் பட்டியல்களை நம்பியே தங்கள் சேமிப்பைச் செலவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பிரிவுகளில் பலவற்றைத் தயாரிப்பாளர்கள் திட்டமிட்டு உருவாக்கவில்லை. விற்காமல் நின்ற கருவிகளும், மலிவாகக் கிடைத்த கருவிகளும், பழுதான கருவிகளும் கலைஞர்களின் கையில் புதிய தொனியைப் பெற்றன. அந்தத் தொனி ஓர் இசை வகையின் அடையாளமாக ஆனது. அதன் பிறகே அந்தக் கருவியின் விலை உயர்ந்தது.

தொனி உருவாகும் விதம்

மின் கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்ற பகுதி பொருத்தப்பட்டிருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி இது செய்யப்படுகிறது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அதனால் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

பிக்கப்புகளில் இரு முதன்மை வகைகள் உள்ளன. ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவான, கூர்மையான ஒலியைத் தரும். ஆனால் சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 'ஹம்பக்கர்' என்பது இரட்டைச் சுருள் பிக்கப். இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்படுவதால் இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கிறது. ஒலி தடித்தும் கனத்தும் இருக்கும்.

பிக்கப் இருக்கும் இடமும் முக்கியம். வீணையில் குதிரை எனப்படும் பகுதி கிட்டாரில் பிரிட்ஜ் எனப்படுகிறது. அதன் அருகிலுள்ள பிக்கப் கூர்மையாக ஒலிக்கும். கழுத்துப் பகுதிக்கு அருகிலுள்ள பிக்கப் உருண்டையான, மென்மையான ஒலியைத் தரும். கம்பியின் அதிரும் நீளமும் கருவிக்குக் கருவி மாறும். ஃபெண்டர் நிறுவனத்தின் பெரும்பாலான கிட்டார்களில் இது 25.5 அங்குலம். கிப்சன் நிறுவனத்தின் பல கிட்டார்களில் சுமார் 24.75 அங்குலம். நீளம் கூடினால் அதே சுருதிக்குக் கம்பியை இன்னும் இறுக்க வேண்டியிருக்கும். நீளம் குறைந்தால் கம்பியை விரலால் வளைப்பது எளிது.

கேட்காத கருவி

1920களில் அமெரிக்க நடன அரங்குகளில் டிரம்பெட், சாக்ஸஃபோன், டிரம்ஸ் ஆகியவற்றுக்கு நடுவே கிட்டாரின் ஒலி அமுங்கிப்போனது. கிட்டார் கலைஞர்கள் தாளத்துக்குத் துணையாக மட்டுமே இருந்தனர். ஹவாய் பாணி இசை அப்போது பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைக் கம்பியின் மேல் நகர்த்தி வாசிக்கும் முறை அது. அந்த இசைக்கு உரத்து ஒலிக்கும் கிட்டார் தேவைப்பட்டது.

ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோரின் முயற்சியில் 1931-ல் ஒரு மின் கிட்டார் உருவாக்கப்பட்டு, 1932-ல் விற்பனைக்கு வந்தது. அலுமினியத்தால் வார்க்கப்பட்ட வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அது 'வாணலி' என்று பெயர் பெற்றது. குதிரை லாடம் போன்ற இரு காந்தங்கள் அதன் கம்பிகளைச் சூழ்ந்திருந்தன. பீச்சமுக்கு 1937-ல் காப்புரிமை கிடைத்தது.

1936-ல் கிப்சன் நிறுவனம் ஈ.எஸ்-150 என்ற கிட்டாரை வெளியிட்டது. ஆம்ப்ளிஃபயருடன் சேர்த்து அதன் விலை சுமார் 150 டாலர். பெயரிலுள்ள எண் அதையே குறித்தது. ஓக்லஹோமா நகரில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, இந்தக் கருவியில் சாக்ஸஃபோனைப் போல நீண்ட தனி வாசிப்புகளை நிகழ்த்தினார். 1942-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. கிட்டார் தனித்து முன்வந்து பேசும் கருவியாக ஆனது அந்த மூன்றாண்டுக் காலத்தில்தான். ஜாஸ் தொனி என இன்று சொல்லப்படும் இருண்ட, உருண்டையான ஒலிக்கு அவர் வாசிப்பே முன்மாதிரி.

கெட்டி உடல் கிட்டார்

ஈ.எஸ்-150 உள்ளீடற்ற உடல் கொண்டது. ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கரின் ஒலி கிட்டாரின் உடலை அதிரச் செய்து, அந்த அதிர்வு மீண்டும் பிக்கப்பில் நுழைந்து ஊளையாக மாறியது. இதற்கு ஃபீட்பேக் என்று பெயர். உடலைக் கெட்டி மரக்கட்டையால் செய்தால் இந்தச் சிக்கல் குறையும் எனப் பலர் கண்டனர். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940களின் தொடக்கத்தில் நான்கு அங்குலப் பைன் மரக்கட்டையில் கழுத்தையும் பிக்கப்புகளையும் பொருத்தி ஒரு சோதனைக் கருவியைச் செய்தார். பார்வைக்குக் கிட்டார் போலத் தோன்றுவதற்காக இருபுறமும் வேறொரு கிட்டாரின் பாதிகளை ஒட்டினார். கிப்சன் நிறுவனம் முதலில் அதை ஏற்கவில்லை.

வெற்றி பெற்ற முதல் கெட்டி உடல் கிட்டாரைச் செய்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கருவியைப் பழுதுபார்ப்பவரின் கண்ணால் அவர் பார்த்தார். 1950-ல் வந்த அவருடைய கிட்டாரின் கழுத்து உடலோடு ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டது. கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். 'பிராட்காஸ்டர்' என்ற பெயர் வேறொரு நிறுவனத்தின் டிரம்ஸ் பெயரோடு ஒத்திருந்ததால், 1951-ல் அது 'டெலிகாஸ்டர்' ஆனது.

டெலிகாஸ்டரின் கூர்மையான ஒலி கன்ட்ரி இசையோடு இணைத்துப் பேசப்படுகிறது. பக் ஓவன்ஸ் குழுவும் ஜேம்ஸ் பர்ட்டனும் அதற்குக் காரணம். ஆனால் சிகாகோவில் மடி வாட்டர்ஸ் அதில் ப்ளூஸ் வாசித்தார். மெம்ஃபிஸில் ஸ்டீவ் குரோப்பர் சோல் இசைக்கு அதைப் பயன்படுத்தினார். கனடாவின் எட் பிக்கர்ட் அதிலேயே மென்மையான ஜாஸ் வாசித்தார். 1969-ல் வெளிவந்த லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தொகுப்பில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்ததும் டெலிகாஸ்டரே.

1954-ல் ஃபெண்டர் நிறுவனம் 'ஸ்ட்ராடோகாஸ்டர்' கிட்டாரை வெளியிட்டது. அதிர்வுக் கைப்பிடியுடன் அதன் விலை 249.50 டாலர். அதில் மூன்று பிக்கப்புகளும், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை சுவிட்சும் இருந்தன. இரு நிலைகளுக்கு இடையே சுவிட்சை நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிப்பதைக் கலைஞர்கள் கண்டுபிடித்தனர். மணியோசை போன்ற அந்தத் தொனிக்காகச் சுவிட்சில் குச்சியைச் செருகி வைத்தவர்களும் உண்டு. நிறுவனம் ஐந்து நிலை சுவிட்சைப் பொருத்தத் தொடங்கியது 1977-ல். இன்று ஸ்ட்ராடோகாஸ்டரின் அடையாளமாகக் கருதப்படும் ஒலிகளில் ஒன்று, அதை வடிவமைத்தவர்களின் திட்டத்தில் இல்லாதது.

விற்காத கிட்டார்: லெஸ் பால்

டெலிகாஸ்டரின் வெற்றியைக் கண்ட கிப்சன் நிறுவனம், டெட் மெக்கார்ட்டியின் தலைமையில் 1952-ல் லெஸ் பால் பெயரில் ஒரு கெட்டி உடல் கிட்டாரை வெளியிட்டது. மஹோகனி மரத்தின் மேல் மேப்பிள் பலகை ஒட்டிய கனமான உடல் அதற்கு. 1957-ல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப் அதில் இடம்பெற்றது. 1958 முதல் செம்மஞ்சள் நிறம் ஓரங்களில் கருக்கும் 'சன்பர்ஸ்ட்' பூச்சுடன் வந்தது.

இந்த சன்பர்ஸ்ட் கிட்டார்கள் சரியாக விற்கவில்லை. 1960-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 1,500 கிட்டார்களே செய்யப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக மெல்லிய உடலும் இரு கொம்புகளும் கொண்ட எஸ்.ஜி வடிவம் 1961-ல் வந்தது.

கைவிடப்பட்ட இந்தக் கிட்டாரை லண்டனின் இளம் ப்ளூஸ் கலைஞர்கள் பழைய கருவியாக வாங்கினர். 1966-ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் ஒரு சன்பர்ஸ்ட் லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் மேடையில் வாசிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி வாசித்தார். தடித்து, நீண்டு, பாடுவது போல ஒலித்த அந்தத் தொனி ராக் கிட்டாரின் அளவுகோலாக ஆனது. தேவை பெருகவே கிப்சன் 1968-ல் லெஸ் பாலை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. 250 டாலர் அளவில் விற்ற பழைய சன்பர்ஸ்ட் கிட்டார்கள் இன்று சில லட்சம் டாலருக்குக் கைமாறுகின்றன.

பெயர் ஒன்று, இசை வேறு

1958-ல் ஃபெண்டர் நிறுவனம் ஜாஸ் கலைஞர்களை ஈர்க்க 'ஜாஸ்மாஸ்டர்' என்ற கிட்டாரை வெளியிட்டது. அகன்ற பிக்கப்புகளும், உட்கார்ந்து வாசிக்க வசதியாகச் சாய்ந்த உடலும் அதில் இருந்தன. அந்நிறுவனத்தின் விலை உயர்ந்த கிட்டார் அதுவே. ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் உள்ளீடற்ற கிட்டார்களை விட்டு வரவில்லை. மாறாக, கலிபோர்னியக் கடற்கரையின் 'சர்ஃப்' இசைக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. அந்த மோகம் தணிந்ததும் கருவி மதிப்பிழந்தது. 1980-ல் உற்பத்தி நின்றது. அடகுக் கடைகளில் மலிவாகக் கிடைத்த ஜாஸ்மாஸ்டர்களை வாங்கிய டெலிவிஷன், சோனிக் யூத், டைனோசர் ஜூனியர் போன்ற குழுக்கள் அதில் இரைச்சலும் அபசுரமும் கலந்த புதிய ராக் இசையை உருவாக்கின. ஜாஸ் என்ற பெயரைத் தாங்கிய கருவி மாற்று ராக் இசையின் சின்னமாக ஆனது இப்படித்தான்.

அதே 1958-ல் கிப்சன் வெளியிட்ட 'ஃபிளையிங் வி' அம்பு முனை போன்ற வடிவம் கொண்டது. முதல் ஆண்டுகளில் நூற்றுக்கும் குறைவாகவே அது தயாரிக்கப்பட்டது. ஆல்பர்ட் கிங் அதில் ப்ளூஸ் வாசித்தார். பிற்காலத்தில் அந்த வடிவம் மெட்டல் இசையின் அடையாளமாக ஆனது. அதே ஆண்டில் வந்த ஈ.எஸ்-335 கிட்டாரின் நடுவில் மரக்கட்டையும் இருபுறமும் உள்ளீடற்ற பகுதியும் இருந்தன. ஊளைச் சிக்கலைக் குறைத்து, மென்மையான தொனியையும் காத்த இந்த வடிவம் ஜாஸ், ப்ளூஸ், ராக் மூன்றிலும் புழங்கியது. பி.பி. கிங் 'லூசில்' என்று பெயரிட்டு வாசித்த கிட்டார்களில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பழுதிலிருந்து பிறந்த தொனி

ராக் இசையின் முக்கிய அடையாளமான டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, தொடக்கத்தில் ஒரு குறையாகவே கருதப்பட்டது. ஆம்ப்ளிஃபயரின் தாங்குதிறனுக்கு மேல் ஒலியைக் கூட்டினால் அலை வடிவம் நசுங்கி ஒலி கரகரக்கும். பொறியாளர்கள் அதைத் தவிர்க்க முயன்றனர். லிங்க் ரே 1958-ல் வெளியான 'ரம்பிள்' இசைக்காக ஸ்பீக்கரில் துளைகளிட்டார். 1961-ல் நாஷ்வில் நகரில் ஒலிக்கலவைக் கருவியின் பழுதால் ஒரு பாடலின் கிட்டார் ஒலி சிதைந்தது. அந்த ஒலியை வேண்டுமென்றே உண்டாக்கும் 'ஃபஸ்' பெட்டி 1962-ல் விற்பனைக்கு வந்தது. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறிய, மலிவான ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறி வாசித்தார்.

ஹெவி மெட்டல் தொனியின் தோற்றம் இன்னும் கடினமான கதை. பர்மிங்காம் நகரின் டோனி அயோமி 17 வயதில் உலோகத் தகடு ஆலையில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுவே. உருக்கிய பிளாஸ்டிக்கால் தாமே விரல் உறைகள் செய்து, மெல்லிய கம்பிகளை மாட்டினார். பின்னர் 1971-ல் வந்த தொகுப்பில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். பிளாக் சபத் குழுவின் கனத்த ஒலி அதிலிருந்து வளர்ந்தது. குழுவின் முதல் தொகுப்பை அவர் ஸ்ட்ராடோகாஸ்டரில் தொடங்கினார். பதிவின்போது அதன் பிக்கப் பழுதானதால் மாற்றுக் கருவியாக வைத்திருந்த எஸ்.ஜி-க்கு மாறினார். மெட்டல் இசைக்கு ஹம்பக்கர் கட்டாயம் என்று இன்று சொல்லப்படுகிறது. அந்த எஸ்.ஜி-யில் இருந்தவை பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்புகள்.

மலிவுக் கருவிகளும் நகல்களும்

நேதன் டேனியலின் டேன்எலக்ட்ரோ நிறுவனம் 1950களில் சியர்ஸ் அஞ்சல்வழி விற்பனைக்காக மலிவான கிட்டார்களைச் செய்தது. உடலின் மேல் பகுதி அழுத்தப்பட்ட மரத்தூள் பலகை. பிக்கப்பின் மேலுறை உதட்டுச்சாயக் குழாய். இந்தக் கருவியையும் ஜிம்மி பேஜ் மேடையில் பயன்படுத்தினார்.

எடி வான் ஹாலன் 1970களில் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவ உடல் ஒன்றை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கி, கிப்சன் ஈ.எஸ்-335 கிட்டாரிலிருந்து எடுத்த ஹம்பக்கரைப் பொருத்தினார். ஃபெண்டரின் வடிவம், கிப்சனின் தொனி என்ற இந்தக் கலவை 1978-ல் வெளியான முதல் தொகுப்புக்குப் பின் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. 1980களில் பல நிறுவனங்கள் இதே அமைப்பில் கிட்டார்களைத் தயாரித்தன.

சி.பி.எஸ் நிறுவனம் 1965-ல் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் தரம் குறைந்ததாகப் பலர் கருதியதால், அதற்கு முந்தைய கிட்டார்கள் தனி மதிப்பைப் பெற்றன. 1970களில் ஜப்பானில் கிரெகோ, டோக்காய், ஐபனெஸ் ஆகியவை அமெரிக்க வடிவங்களின் நகல்களைச் செய்தன. அவற்றின் தரம் உயர்ந்துகொண்டே வந்தது. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனம் ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது தலைப்பகுதி வடிவத்துக்காக வழக்குத் தொடுத்தது. அது அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஃபெண்டர் வேறு வழியைத் தேர்ந்தது. 1982-ல் ஜப்பானிலேயே உற்பத்தியைத் தொடங்கி, 'ஸ்குவயர்' என்ற பெயரில் தன் வடிவங்களைக் குறைந்த விலையில் தானே விற்றது. இன்று மாணவர்கள் வாங்கும் முதல் கிட்டார்களில் பல இந்த மரபில் வந்தவை.

தமிழகத் தொடர்பு

மின் கிட்டாரின் நீண்டு நிற்கும் ஒலி கமகத்துக்கு ஏற்றதாக இருப்பதைச் சில கருநாடக இசைக் கலைஞர்கள் பயன்படுத்திக்கொண்டனர். சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் மின் கிட்டாரில் கருநாடக இசையை வாசித்தனர். ராக் இசைக்காக அறியப்பட்ட கருவி, கம்பியை வளைத்தும் இழைத்தும் ராகம் பாடும் கருவியாகவும் ஆனது.

கிட்டாரின் மெட்டுகள் பதிக்கப்படும் விரல்பலகைக்கு முதலில் பிரேசில் நாட்டின் ரோஸ்வுட் பயன்பட்டது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து அதன் இடத்தை இந்திய ரோஸ்வுட் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இம்மரம் தமிழில் ஈட்டி, தோதகத்தி எனப்படுகிறது. பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பழைய கிட்டார்களின் விலை உயர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்வும் மதிப்பும்

ஓசையளவில் இசை வகைகளுக்கும் கருவிகளுக்கும் உள்ள தொடர்பு பொய்யானது அல்ல. கூர்மையான, தெளிவான தொனிக்கு ஒற்றைச் சுருள் பிக்கப்பும், அதிக டிஸ்டார்ஷனில் இரைச்சல் குறைந்த தொனிக்கு ஹம்பக்கரும், மென்மையான ஜாஸ் தொனிக்குக் கழுத்துப் பகுதிப் பிக்கப்பும் பொருந்தும். இரு வகைப் பிக்கப்புகளும் உள்ள கிட்டார்கள் எந்த வகை இசையை வாசிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்குப் பயன்படுகின்றன. கெட்டி உடல் கிட்டாரில் மரத்தின் வகை தொனியை எவ்வளவு மாற்றுகிறது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பிக்கப், அதன் இடம், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகியவற்றால் வரும் மாற்றம் எவர் காதுக்கும் எளிதில் புலப்படும். அதனால் முழுத் தொகையையும் கிட்டாருக்கே செலவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு மிச்சம் வைக்காதவர் எதிர்பார்த்த தொனியைப் பெறுவது கடினம்.

வாசிப்புக்கான மதிப்பும் சேகரிப்பாளரின் மதிப்பும் வேறு வேறு. கழுத்து நேராக இருப்பது, மெட்டுகளின் விளிம்பு விரலை உறுத்தாமல் இருப்பது, சுருதி நிலைத்து நிற்பது, கம்பி அழுத்த எளிதான உயரத்தில் இருப்பது ஆகியவை வாசிப்பவருக்கு மதிப்புள்ளவை. இவற்றைக் குறைந்த விலைக் கிட்டாரிலும் நல்ல பழுதுபார்ப்பவர் பெருமளவு சரிசெய்துவிட முடியும். ஆண்டு, அசல் வண்ணப் பூச்சு, எண்ணிக்கைக் குறைவு, வாசித்தவரின் புகழ் ஆகியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை தொனியோடு தொடர்பில்லாதவை.

ஃபெண்டர் நிறுவனம் 1964-ல் மாணவர்களுக்கென்று 'மஸ்டாங்' என்ற சிறிய, விலை குறைந்த கிட்டாரை வெளியிட்டது. தேர்ந்த கலைஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அதைத் தேர்ந்தெடுத்தார். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' காணொலியில் அவர் வாசித்த 1969-ஆம் ஆண்டு மஸ்டாங் 2022-ல் ஏலத்தில் 45 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.